எழுத்து ஓவியமாகும் விதம்

(வெள்ளி விழாவின் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்திருக்கும் நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில், எனக்கு முன் பேசிய நண்பர்கள் போட்டித் தேர்வுகளைப் பற்றியும் உதவித்தொகைகளைப் பற்றியும் விரிவாக எடுத்துரைத்தார்கள். பயனுள்ள செய்திகள் அவை. அவற்றையே நானும் திரும்பச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க விரும்பவில்லை. எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘கல்வியும் கலையும்’ என்பது. அது கடல் போன்றது. அதில் ஒரு கையளவு மட்டும் அள்ளிக்கொள்கின்றேன். எழுத்தையே வரைந்து, அதனை ஓவியம் என்று கண்காட்சியில் மாட்டிய இரண்டு கலைஞர்கள் அந்த வேலையை எவ்வாறு செய்தார்கள் என்பதைத்தான் பேசப்போகின்றேன். இது நமக்கு எதற்கு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அந்தக் கேள்வி நம் செயற்குழுவிலும் எழுந்தது. அதற்குப் பின்னர் வருகின்றேன்.

முதலில் நம் ஊரைப் பார்ப்போம். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலின் கற்சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். கி.பி. 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் ஊர்ச்சபை செய்த தீர்மானங்கள் அவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, வேற்றுமை அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஆண்டு வாரியத்திற்கும் தோட்ட வாரியத்திற்கும் ஏரி வாரியத்திற்கும் உறுப்பினர்களைத் தேர்ந்த முறை அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றது. மக்களாட்சியின் தொட்டில் இதுவே என்று வெளியூரார் வந்து வியந்து செல்கின்றனர்.

வியப்புக்குரியதுதான். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் மறுபடி வாரியத்தில் அமரலாகாது என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார்கள். இன்று அந்த விதியைக் கடைப்பிடித்தால் நம் ஊராட்சிகள் பலவற்றில் நாற்காலி காலியாகவே கிடக்கும். ஆனால் அதே சுவரில் வேறு விதிகளும் இருக்கின்றன. இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்கவேண்டும், வயது முப்பத்தைந்துக்குக் குறையாமலும் எழுபதுக்கு மிகாமலும் இருக்கவேண்டும், மறை கற்றிருக்கவேண்டும். ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றவராயின் அரைக்கால் வேலி நிலமே போதும். அது பிரமதேய ஊரின் சபை. நிலமும் மனையும் மறையும் மறுக்கப்பட்டிருந்த நம் முன்னோரின் பெயர் அந்தக் குடத்திற்குள் ஓலையாக விழுந்திருக்க இயலாது. சோழர் காலக் கல்வெட்டில் நாம் அறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் கல்வெட்டுகளில், இறை நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில், பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் நம் குடியிருப்புகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆளாக இடம்பெறாதவர்கள் கழித்தற் கணக்கில் இடம்பெற்றோம்.

நான் சொல்ல வந்தது அதுவன்று. ஆண்டுதோறும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அந்தச் சுவரின் முன் அழைத்துச் சென்று நிறுத்துவது என் வழக்கம். “படியுங்கள்” என்பேன். முயன்று பார்த்துவிட்டு விழிப்பார்கள். தமிழ்தான், ஆயினும் படிக்க வராது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளி இல்லை. மெய்யெழுத்தின்மேல் புள்ளி இல்லை. இடையிடையே கிரந்த எழுத்துகள் கலந்து வரும். பொருள் கைக்கு எட்டாதபோது கண் என்ன செய்கின்றது? எழுத்தின் உருவத்தைப் பார்க்கத் தொடங்குகின்றது. எந்த வளைவு எங்கே திரும்புகின்றது, எந்த வரி அடர்ந்திருக்கின்றது, எங்கே உளி ஆழமாக இறங்கியிருக்கின்றது என்று கவனிக்கின்றது. ஒரு முறை ஒரு சிறுமி, “ஐயா, இது நெருக்கமாகக் கோலம் போட்டதுபோல் இருக்கின்றது” என்றாள். இருபத்தைந்து மாணவர்கள் நின்ற இடத்தில் அவள் ஒருத்திதான் சுவரைப் பார்த்தாள் என்பேன். மற்றவர்கள் பாடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவள் கண்டதைத்தான் கே.சி.எஸ். பணிக்கர் என்ற ஓவியர் 1963ஆம் ஆண்டில் சென்னையில் கண்டார்.

பணிக்கர் 1911ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பம் மலபாரைச் சேர்ந்தது. சிறு வயதிலேயே நீர்வண்ணத்தில் இயற்கைக் காட்சிகள் வரைந்தார். தந்தையார் மறைந்ததும் படிப்பை நிறுத்திவிட்டுக் குடும்பத்தைக் காக்கத் தந்தித்துறை வேலைக்குப் போனார். இருபத்தைந்தாம் வயதில், 1936ஆம் ஆண்டில், உத்தியோகத்தை உதறிவிட்டுச் சென்னை அரசு கலைத் தொழிற்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அதன் முதல்வராக இருந்தவர், கடற்கரையில் உழைப்பாளர் சிலையைப் பின்னாளில் வடித்த தேவி பிரசாத் ராய் சௌதுரி. படித்த அதே பள்ளியில் பணிக்கர் ஆசிரியரானார். 1957 முதல் 1967 வரை முதல்வராகவும் இருந்தார். எழும்பூரில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரி என்று அழைக்கப்படுவது அந்தப் பள்ளிதான். 1850ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது.

ஐம்பது வயதைக் கடந்த ஒரு முதல்வர், நாடறிந்த ஓவியர், தாம் வரைந்துகொண்டிருந்த முறையை ஏன் மாற்றவேண்டும்? அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. இந்திய ஓவியர்கள் மேனாட்டாரின் முறைகளைக் கற்று, அவற்றிலேயே தேர்ச்சி பெற்று, அங்கேயே நின்றுவிடுகின்றனர். நம் மண்ணில் முளைத்த ஒரு காட்சிமொழி வேண்டாமா என்பதே அது. அந்த நிலையில் அவருக்கு வழி காட்டியது ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் புத்தகம் போன்ற ஒரு பக்கம். எண்கள், சமன்பாட்டுக் குறிகள், ரோமன் எழுத்துகள், அடித்தல், கோடிடுதல் எல்லாம் நிரம்பிய தாள். ஆசிரியர்களாகிய நாங்கள் அத்தகைய தாளைச் சிவப்பு மையால் திருத்துவோம். அவர் அதனை ஓவியமாகப் பார்த்தார். அந்தக் குறிகளையே கொண்டு வரையத் தொடங்கினார். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற அவருடைய புகழ்பெற்ற ஓவிய வரிசை அவ்வாறு பிறந்தது.

அடுத்த படிதான் நுட்பமானது. ரோமன் எழுத்து கையில் ஒட்டவில்லை. தாய்மொழியான மலையாளத்தின் வளைந்த எழுத்துகளுக்கு மாறினார். அவ்வெழுத்து கிரந்தத்திலிருந்து வளர்ந்தது. ஆகவே நம் கோயிற் சுவரில் இருக்கும் எழுத்துக்கு ஒரு வகையில் உறவுதான். ஆனால் மலையாளத்தில் எழுதினால் மலையாளம் தெரிந்தவர் படித்துவிடுவார் அல்லவா? படித்துவிட்டால் ஓவியத்தை விட்டுவிட்டுச் செய்திக்குப் போய்விடுவார். அதனால் எழுத்துகளுக்கு நடுவே எழுத்தல்லாத கோடுகளையும் வளைவுகளையும் வேண்டுமென்றே செருகினார். தூரத்தில் நின்றால் நெருக்கமாக எழுதிய ஏடு. கிட்டே போனால் ஒரு சொல்லும் பிடிபடாது. படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல அவை என்று அவரே தெளிவுபடுத்தியிருக்கின்றார். குறியீடுகளும் அவ்வாறே. மீன், பறவை, சாதகக் கட்டம், தாந்திரிகக் கோலங்கள் ஆகியவை போன்ற உருவங்கள் வரும். ஆனால் சோதிடர் சொல்லும் பொருளில் வருவதில்லை. கை போன போக்கில் மாறி, பழைய பொருளை இழந்து, வெறும் உருவங்களாக நிற்கும்.

அந்தப் படங்களைக் கூர்ந்து பார்த்தால் வேலை நடந்த விதம் ஓரளவு விளங்கும். அடியில் பரந்த ஒரு நிறம் இருக்கும். அதன்மேல் நிலத்தை வரப்பிட்டுப் பிரிப்பதுபோல் கட்டங்களும் பட்டைகளும். ஒவ்வொரு கட்டத்திற்குள்ளும் மெல்லிய தூரிகையால் எறும்பு வரிசைபோல் எழுத்து வரிகள். ஓரிடத்தில் நெருக்கம், ஓரிடத்தில் வெற்றிடம். எழுதுபவர் பொருளை நினைத்து வரியை நிறுத்துவார். இவர் கண்ணுக்கு எங்கே இளைப்பாறுதல் வேண்டுமோ அங்கே நிறுத்தினார். தலைமையாசிரியர் என்ற முறையில் ‘படிக்கும்படி எழுது’ என்று முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளை அதட்டி வருகின்ற எனக்கு, ஒருவர் படிக்க முடியாதபடி எழுதுவதற்கு இத்தனை உழைத்தார் என்பது முதலில் வேடிக்கையாகத்தான் பட்டது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஓவியம் விற்று யாரும் சோறு உண்ண முடியாத காலம் அது. கல்லூரியில் படித்துத் தேறிய இளைஞர்கள் பிழைப்புக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடுவதைப் பணிக்கர் கண்டார். அவரும் மாணவர்களும் சேர்ந்து கைவினைப் பொருள்கள் செய்தனர். துணியில் மெழுகு இட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் வேலையை நல்ல விலைக்கு விற்றனர். அந்தப் பணத்தைக் கொண்டு இஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கி, 1966ஆம் ஆண்டில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். அரசிடம் கையேந்தவில்லை, செல்வரை நாடவில்லை. பகலில் கைத்தொழில், மிஞ்சிய பொழுதில் கலை. நம் கழகமும் பிடியரிசியும் மாதச் சந்தாவும் திரட்டி வளர்ந்ததுதான். ஆதலால் அந்த வரலாறு நமக்கு எளிதில் விளங்கும். பணிக்கர் 1977ஆம் ஆண்டு சனவரியில் மறைந்தார். அவருடைய ஓவியங்கள் புதுதில்லித் தேசிய நவீன கலைக்கூடத்திலும், திருவனந்தபுரத்தில் அவர் பெயரிலேயே அமைந்த கூடத்திலும் இருக்கின்றன.

அவரிடம் படித்த தலைமுறையில் கே.எம். ஆதிமூலம் எதிர்த்திசையில் நடந்தார். சிற்றிதழ்களுக்கும் நூல் அட்டைகளுக்கும் கையாலேயே தலைப்பு எழுதினார். தமிழ் எழுத்தைப் படிக்கவும் வேண்டும், பார்க்கவும் வேண்டும் என்று ஆக்கினார். பழைய புத்தகக் கடைகளில் அந்த அட்டைகள் இன்னும் கிடைக்கும். கண்டால் வாங்கி வையுங்கள்.

இனி என் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகின்றேன். பணிக்கரை நான் மதிக்கின்றேன். ஆயினும் அவர் படத்தின்முன் நம்மவர் ஒருவர் நின்றால் அவருக்குத் தோன்றுவது வேறாக இருக்கும். படிக்கத் தெரிந்த குலத்தில் பிறந்தவருக்குப் படிக்க முடியாத எழுத்து ஒரு புதுமை. நமக்கு அது புதுமையா? நம் பாட்டன்மார்க்கு எல்லா எழுத்தும் அப்படித்தான் இருந்தது. கோயிற் சுவர், கணக்கர் ஏடு, கடன் பத்திரம், அஞ்சலட்டை எல்லாமே அவர்களுக்கு நெருக்கமாகப் போட்ட கோலம்தான். அந்தக் கோலத்தின் அடியில் அவர்கள் கட்டைவிரலை ஒற்றினார்கள்.

அதனால் என்ன நேர்ந்தது என்பதற்கு இந்த மாவட்டமே சான்று. செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891ஆம் ஆண்டில் நம் மக்களின் நிலையைக் குறித்து அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அதன் பயனாக 1892ஆம் ஆண்டில் நமக்கென்று நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்பது அதுவே. நம் மக்களைத் தவிரப் பிறருக்கு விற்கக் கூடாது என்ற விதியும் அதனோடு வந்தது. விதி தாளில் இருந்தது. தாளைப் படிக்கும் கண் நம்மிடம் இல்லை. எத்தனை குடும்பங்களில் ‘கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள், அப்புறம்தான் தெரிந்தது’ என்ற பேச்சை நீங்கள் கேட்டிருக்கின்றீர்கள்! படிக்க முடியாத எழுத்து ஓர் ஓவியருக்குக் கண்ணோட்டத்தைத் தந்தது. நமக்கு ஏரிக்கீழ் நிலத்தைப் போக்கடித்தது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கலாகாது.

ஆகவே நம் எழுத்துக் கலை வேறோர் இடத்திலிருந்து புறப்படவேண்டும் என்று கருதுகின்றேன். அதற்கு ஒரு முன்னோடி நமக்கு அயலிலேயே பிறந்தார். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து ஓர் இதழ் தொடங்கினார். பெயர் ‘பறையன்’. ஊரார் எந்தச் சொல்லை வசையாக வீசினார்களோ அந்தச் சொல்லையே இதழின் தலையில் பெரிய எழுத்தில் அச்சிட்டார். அவர் ஓவியர் அல்லர். கண்காட்சி வைத்தவரும் அல்லர். ஆனால் ஒரு சொல்லை வேறிடத்தில் எடுத்து வைத்தால் அதன் எடையே மாறிவிடும் என்பதை அறிந்தவர். எழுத்தை ஓவியமாக்கும் கலைஞர் செய்வதும் அதுதான். அமெரிக்காவில் ஒரு கறுப்பினக் கலைஞர் அதே வேலையை ஓவியத் திரையில் செய்தார். அவரே நான் சொல்ல வந்த இரண்டாமவர்.

அவர் பெயர் கிளென் லைகன். 1960ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தார். உழைப்பாளர் குடும்பம். உதவித்தொகை பெற்று ஒரு நல்ல தனியார் பள்ளியில் படித்தார். ஓவியராகப் போகின்றேன் என்றபோது, தாம் கேள்விப்பட்ட ஓவியர்கள் எல்லாரும் இறந்துபோனவர்கள் ஆயிற்றே என்று தாயார் சொன்னாராம். நம் வீட்டுத் தாய்மார்கள் சொல்வதற்கு அது அதிகம் வேறுபட்டதன்று. ஒரு சட்ட அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்துக்கொண்டே அவர் வரைந்தார்.

அவருடைய முதற்பெரும் படத்தின் பின்னால் ஒரு போராட்டம் இருக்கின்றது. 1968ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில், மழைக்குக் குப்பை வண்டியின் பின்புறம் ஒதுங்கிய இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள், வண்டியின் அழுத்தும் பொறியில் சிக்கி நசுங்கி மாண்டனர். சில நாள்களில் ஆயிரத்து முந்நூறு தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆளுக்கொரு அட்டையைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அட்டையில் வேறொன்றும் இல்லை. ‘ஐ ஆம் எ மேன்’ என்ற நான்கு சிறு சொற்கள். அவர்களுக்குத் துணை நிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4ஆம் நாள் அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நம் நாட்டில் மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993ஆம் ஆண்டிலும் 2013ஆம் ஆண்டிலும் சட்டங்கள் வந்தன. அதன்பிறகும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்கள் பிணமாகத்தான் மேலே வந்திருக்கின்றார்கள். அந்த அட்டையை மொழிபெயர்த்துச் சொல்லவேண்டிய தேவையே இந்த அவையில் இல்லை.

ஆயினும் மொழி ஆசிரியர் ஒருவரின் நாக்கு சும்மா இருக்குமா? அந்த அட்டையில் ‘ஆம்’ என்ற வினைச்சொல்லின்கீழ் மட்டும் ஒரு கோடு போட்டிருந்தார்கள். இருக்கின்றேன் என்பதை அழுத்திச் சொல்லும் கோடு. தமிழில் ‘நான் மனிதன்’ என்றால் போதும், வினைச்சொல் இல்லை. அப்படியானால் கோட்டை எங்கே போடுவது? ‘நானும் மனிதன்தான்’ என்று உம்மையும் தானும் சேர்த்தால், சற்றுக் கெஞ்சுவதுபோல் ஆகிவிடுகின்றது. ‘நான் மனிதன்’ என்று நிறுத்தினால் நிமிர்ந்து நிற்கின்றது. ஒரு சொல்லை எங்கே வைப்பது, எதன்கீழ் கோடிடுவது என்று நாள் முழுவதும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் தொழில்தான் இந்தக் கலைஞர்களுடையது.

லைகன் அந்த அட்டையையே 1988ஆம் ஆண்டில் ஓவியமாக வரைந்தார். வெள்ளைத் தளத்தில் கறுப்பு எழுத்து. அச்சடித்த அட்டை ஒரே நாளில் கிழிந்துபோவது. அவர் அதனை எண்ணெய் வண்ணத்திலும் எனாமலிலும் தீட்டி, வரிகளின் அமைப்பைச் சற்றே மாற்றினார். வண்ணத்தின் மேற்பரப்பில் விழுந்த வெடிப்புகள் அதற்கு ஒரு முதுமையைத் தந்தன. தெருவில் ஆயிரம் பேர் ஏந்திய வாசகம், ஒருவர் முன்னால் ஒருவராய் நின்று பார்க்கும் படமாயிற்று. 2012ஆம் ஆண்டில் வாசிங்டன் தேசிய கலைக்கூடம் அதனை வாங்கியது.

அதன்பின் 1990ஆம் ஆண்டளவில் அவர் செய்த வேலையைத்தான் நம் இளைஞர்கள் கருத்தூன்றிக் கேட்கவேண்டும். ஒரு பழைய கதவை எடுத்து வெள்ளை பூசினார். கறுப்பினப் பெண் எழுத்தாளர் சோரா நீல் கர்ஸ்டன் 1928ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தைத் தெரிந்துகொண்டார். கடையில் விற்கும் எழுத்துத் தகட்டை, அதாவது எழுத்தின் வடிவில் துளையிட்ட நெகிழித் தகட்டை, கதவின்மேல் வைத்து, கறுப்பு எண்ணெய் வண்ணக் குச்சியால் ஒவ்வோர் எழுத்தாகத் தேய்த்தார். வாக்கியம் முடிந்ததும் மறுபடி அதே வாக்கியம். மறுபடியும் அதே. கதவின் உச்சியிலிருந்து அடிவரை. வண்ணம் உலர்வதற்குள் தகட்டை நகர்த்துவதால் தகட்டின் அடியில் மை ஒட்டி, அடுத்த எழுத்தின்மேல் இழுகும். முதலில் அதைத் தவிர்க்கவே அவர் முயன்றார். பிறகு, அந்த இழுகல்தான் படம் என்று உணர்ந்து அப்படியே விட்டார். மேலே நின்ற எழுத்து பளிச்சென்று படிக்க வரும். கீழே இறங்க இறங்க மங்கி, கறுத்து, கடைசி வரிகளில் எழுத்தும் தெரியாது வெள்ளையும் தெரியாது.

பணிக்கர் முதலிலிருந்தே படிக்க விடவில்லை. லைகன் படிக்க வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொள்கின்றார். ஒருவரைப் பற்றிய ஒரே சொல்லை ஊர் திரும்பத் திரும்பச் சொன்னால் கடைசியில் ஆளே தெரியாமல் போய்விடுவார் அல்லவா? அதை விளக்கி எழுத ஓர் அத்தியாயம் வேண்டும். அவர் ஒரு கதவில் காட்டிவிட்டார். எனக்கு இவ்விருவரில் லைகனே நெருக்கமானவர் என்பதை மறைக்காமல் சொல்கின்றேன்.

அந்தத் தகடும் அந்தக் கறுப்பு வண்ணமும் நமக்குத் தெரியாதவையா? சுண்ணாம்பு தோய்த்த நூலை இருவர் இருபுறமும் பிடித்துச் சுவரில் தட்டிக் கோடு போட்டு, வாயகலத் தூரிகையால் ஒரே இழுப்பில் ‘அ’ வளைக்கும் இளைஞர்கள் நம் சேரிகளில் எத்தனை பேர் இருந்தார்கள்! கட்சிச் சுவரெழுத்து, சிமெண்டு விளம்பரம், திரையரங்குப் பலகை, மாட்டு வண்டியின் பின்பலகை எல்லாம் அவர்கள் கைவண்ணம். அண்ணல் அம்பேத்கர் படத்தின்கீழ் எழுதப்பட்ட வாசகத்தை எந்தத் தூரத்திலிருந்து பார்த்தாலும் படிக்க வரும்படி இடைவெளி விடுவது எளிய வித்தை அன்று. பிறகு ஃப்ளெக்ஸ் பலகை வந்தது. கணிப்பொறியில் தட்டினால் அரை மணியில் ஆள் உயரப் படம். கை எழுத்தாளர்கள் பெயிண்ட் அடிக்கும் கூலிகளாகவும் கட்டட வேலைக்காரர்களாகவும் மாறினார்கள். அந்தக் கையை நாம் கலை என்று என்றைக்கும் மதித்ததில்லை. ‘போர்டு எழுதுகின்றான்’ என்றோம்.

இப்போது செயற்குழுவில் எழுந்த கேள்விக்கு வருகின்றேன். நம் கழகத்தின் உயர்கல்வி நிதிக்கு இவ்வாண்டு வந்த விண்ணப்பங்களில் ஒன்று, சுவரெழுத்துத் தொழிலாளி ஒருவருடைய மகளுடையது. மேல்நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண். வணிகவியலோ செவிலியர் படிப்போ கேட்டிருந்தால் மறுபேச்சின்றிப் பணம் கொடுத்திருப்போம். அந்தப் பெண் எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் நான்காண்டுப் பட்டப்படிப்புக்கு உதவி கேட்டாள். “படம் போட்டு என்ன சம்பாதிப்பாள்? ஊரார் காசில் இது தேவையா?” என்று உறுப்பினர் சிலர் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தவறில்லை. வறுமையை அறிந்தவர் கணக்குப் பார்க்கத்தான் செய்வார். விதியிலும் ‘தொழிற்கல்வி மற்றும் பட்டப்படிப்பு’ என்று இருக்கின்றதே தவிர, கலை என்ற சொல் இல்லை. விண்ணப்பம் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கின்றது.

நான் அந்தப் பெண்ணின் பக்கம் பேசவே இன்று இந்தத் தலைப்பை இப்படி வளைத்தேன் என்பதைத் திறந்து சொல்லிவிடுகின்றேன். கவின்கலைப் பட்டமும் பட்டந்தான். விதியைத் திருத்தவேண்டிய தேவைகூட இல்லை. படித்தபின் வடிவமைப்பு, அச்சு, திரைத்துறை, ஓவிய ஆசிரியர் பணி என்று பிழைக்க வழிகள் உண்டு. ஆனால் பிழைப்பு ஒன்றை மட்டும் சொல்லி உங்கள் சம்மதத்தைப் பெற எனக்கு விருப்பமில்லை. நம்மைப் பற்றிப் பிறர் எழுதிய எழுத்து கல்லில் இருக்கின்றது, ஏட்டில் இருக்கின்றது, அரசாணையில் இருக்கின்றது. நாம் எழுதிய எழுத்து, நூறு பேர் வந்து நின்று பார்க்கும் சுவரில் எங்கே இருக்கின்றது? மருத்துவரையும் வழக்கறிஞரையும் வருவாய் அலுவலரையும் இந்தக் கழகம் உருவாக்கியிருக்கின்றது. அந்தச் சுவருக்கு உரிய ஒருவரை இன்னும் உருவாக்கவில்லை. பணிக்கர் வேலையை விட்டுவிட்டுக் கலைப்பள்ளிக்குப் போகும் துணிவு கொண்டது தம் குடும்பப் பொறுப்பை ஓரளவு தாங்கிய பிறகு. அந்தப் பெண்ணின் தந்தையோ நாற்பது ஆண்டுகளாகத் தூரிகை பிடித்தவர். அவள் பாதித் தொழிலை வீட்டிலேயே கற்றுவிட்டுத்தான் வந்து கேட்கின்றாள்.

ஒரு முயற்சியையும் முன்வைக்கின்றேன். நம் கழகக் கட்டடத்தின் நீண்ட கூடம் விழா முடிந்ததும் வெறிச்சோடிக் கிடக்கும். அடுத்த ஏப்ரல் 14ஆம் நாளுக்குள் அதில் ஓர் எழுத்துக் கண்காட்சி வைப்போம். கல்வெட்டின்மேல் தாளை ஒட்டி மைப்படி எடுக்கலாமா என்று மாணவர்கள் கேட்கின்றார்கள். தொல்லியல் துறையின் அனுமதியின்றி அதனைத் தொடவே கூடாது. அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். அதனினும் அரிய எழுத்து உங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கின்றது. ஒவ்வொரு குடும்பத்திலும் முதன்முதலாகக் கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்டறியுங்கள். பாட்டனாரா, பெரியம்மாவா, அத்தையா? அவர் கையெழுத்திட்ட பழைய தாள் ஏதேனும் கிடைக்கும்: பள்ளிச் சான்று, கூட்டுறவுச் சங்க ரசீது, கூலிப் பட்டியல். கிடைத்தால் தாளைக் கழகத்திடம் கொடுக்கவேண்டாம். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

பிறகு இரண்டடிக்கு மூன்றடிப் பலகையில் வெள்ளை பூசி, அந்த ஒரு கையெழுத்தை மட்டும் பெரிதாக்கி வரையவேண்டும். அழகுபடுத்தக் கூடாது. கை நடுங்கிய இடம் நடுங்கியவாறே வரவேண்டும். ‘ழ’ தலைகீழாக விழுந்திருந்தால் தலைகீழாகவே இருக்கவேண்டும். பெரிதாக்கக் கட்டம் போட்டு அளவெடுக்கும் முறையைச் சுவரெழுத்துத் தோழர்கள் கற்றுத்தருவார்கள். இருவரிடம் பேசிவிட்டேன், ஒப்புக்கொண்டார்கள். கையெழுத்தே கிடைக்காத வீட்டிலிருந்து கைநாட்டு கிடைத்தால் அதுவும் வரட்டும். ரேகையை ஆள் உயரத்திற்குப் பெரிதாக்கினால் ஏரிக்கரையிலிருந்து பார்த்த வயல்வரப்புகளைப் போல் இருக்கும்.

பலகைக்கு மரக்கடை உறுப்பினர் ஒருவர் கழிவு விலையில் தருவதாகச் சொல்லியிருக்கின்றார். வெள்ளை எனாமல் மீந்திருப்போர் வீட்டு டப்பாக்களை வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் கூடத்தில் கொண்டுவந்து வைக்கவும். கறுப்பு நான் வாங்கித் தருகின்றேன். முதற் பலகையை எழுத அந்தப் பெண்ணையே அழைத்திருக்கின்றேன். செயற்குழுவின் அடுத்த கூட்டம் அன்று மாலை ஐந்து மணிக்கு அதே கூடத்தில் நடைபெறும்.